கை மட்டும் சுருங்கவில்லை

போன வருஷம் நான் ஒரு விளையாட்டுப் பெட்டியை ரம்பத்தால் அறுத்தேன். நின்டெண்டோ 2006-இல் வெளியிட்ட ‘வீ’. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வெள்ளையாக நிற்குமே, கையில் ஒரு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு காற்றில் டென்னிஸ் ஆடுவோமே, அதுதான். டிஸ்க் ஓடாமல் போன ஒன்றைப் பழைய சாமான் விற்பவரிடம் 40 வெள்ளிக்கு வாங்கியிருந்தேன். அதன் சர்க்கிட் பலகையில் பெரும்பகுதியை வெட்டித் தள்ளிவிட்டு, மிச்சத்தை ஒரு சின்னத் திரை, பொத்தான்கள், பேட்டரியோடு சேர்த்து, பஸ்ஸில் உட்கார்ந்து விளையாடக்கூடிய கருவியாக மாற்றுவது திட்டம்.

வெட்டினேன். மின்சாரம் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவ்வளவுதான், செத்துப்போச்சு.

செத்ததைப் பார்த்தவர் சித்தி. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 22 ஆண்டுகள் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தவர். விளையாட்டுப் பெட்டி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பலகையை வாங்கி, வெட்டிய ஓரத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“ஓரத்தைத் தேய்ச்சியா?”

“இல்ல.”

“அப்புறம் எப்படிடா உயிர் இருக்கும்? உள்ள அடுக்கடுக்கா செம்பு ஓடுதுல்ல. ரம்பம் ஒண்ண இழுத்து இன்னொண்ணு மேல ஒட்டிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம கரண்டு குடுக்கலாமா?”

இரண்டாவது வீ-யை வெட்டியபோது ஓரத்தை அவரே தேய்த்தார். வலது கையால் ரொம்ப நேரம் தேய்க்க முடியாது அவருக்கு. மணிக்கட்டு நரம்பு அழுத்தம். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகும். விட்டுவிட்டு, உதறிவிட்டுத் தேய்த்தார். பலகை பிழைத்தது. உள்ளங்கையில் வைத்தேன், அடங்கியது. பெருமையாகத்தான் இருந்தது. அதற்கடுத்த நிமிஷம் ஒரு கேள்வி வந்தது: சரி, இதை எங்கே பிடிப்பது?

வீட்டு விளையாட்டுக் கருவியைக் கைக்கருவியாக்கும் இந்தப் பைத்தியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சுருக்குவதைப் பற்றித்தான் பேசுவார்கள். எத்தனை மில்லிமீட்டர், எத்தனை அடுக்கு, எத்தனை வாட். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பழைய கதைகளைத் தேடிப் படிக்கப் படிக்க எனக்குப் பிடிபட்டது வேறு. நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சில்லுகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. கை மட்டும் அதே அளவில் இருக்கிறது. இந்த வரலாற்றில் நடந்த சண்டைகளில் பாதி அந்த ஒரு காரணத்தால் வந்தவை.

ஆரம்பம் ஒரு பராமரிப்பு ஊழியரிடம் இருக்கிறது. கும்பெய் யொகோய் 1965-இல் கியோட்டோவில் நின்டெண்டோவில் வேலைக்குச் சேர்ந்தபோது அது சீட்டுக்கட்டு செய்யும் கம்பெனி. இயந்திரங்களைக் கவனித்துக்கொள்வது அவர் வேலை. சும்மா இருந்த நேரத்தில் தூரத்துப் பொருளை எட்டிப் பிடிக்கும் மடக்குக் கை ஒன்றைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். முதலாளி யமாவுச்சி பார்த்துவிட்டார். வேலை போகும் என்று நினைத்திருந்தால் நியாயம்தான். ஆனால் அது ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் 1966-இல் விற்பனைக்கு வந்தது. கைக்கருவிகளின் தந்தை என்று பின்னாளில் சொல்லப்பட்டவருடைய முதல் பொம்மையே ஒரு கைதான் என்பது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது.

அடுத்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். அதிவேக ரயிலில் அலுப்போடு உட்கார்ந்திருந்த ஒரு அலுவலகக்காரர் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்தி அழுத்தி நேரம் போக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் வந்த யோசனை 1980-இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ ஆனது. கால்குலேட்டருக்கென்று ஏற்கெனவே மலிந்துவிட்ட திரையும் சில்லும்தான் உள்ளே. இரண்டு கட்டைவிரலும் எட்டும் தூரத்தில் பொத்தான்கள், பக்கத்தில் இருப்பவர் கவனிக்காத அளவு. 1982-இல் மடக்கும் வடிவில் ‘டாங்கி காங்’ வந்தபோது ஒரு சிக்கல். குரங்கு ஆட்டத்துக்கு நான்கு திசை வேண்டும். ஆனால் மூடித் திறக்கும் கருவியில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி வைக்க முடியாது. யொகோய் அந்தக் குச்சியைத் தட்டையாக்கி ஒரு கூட்டல் குறி ஆக்கினார். இன்றைக்குப் பெரும்பாலான விளையாட்டுக் கருவிகளில் இடது கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் அந்தக் குறி இப்படி வந்ததுதான்.

பழசாகி மலிந்துபோன தொழில்நுட்பத்தைப் புதுக் கோணத்தில் பயன்படுத்து என்பது அவர் கொள்கை. 1989 ஏப்ரலில் வந்த கேம் பாய் அதற்குச் சாட்சி. வண்ணம் கிடையாது. திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சையில் நான்கு சாயல். ஆனால் நான்கு சாதாரண பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதே ஆண்டு வந்த அட்டாரியின் லிங்ஸ் வண்ணத் திரையோடு வந்தது. தலைகீழாகத் திருப்பி இடதுகைக்காரர்களும் ஆடலாம் என்ற நல்ல மனசும் அதில் இருந்தது. ஆறு பேட்டரி, நான்கைந்து மணி நேரம். 1990-இல் வந்த சேகாவின் கேம் கியருக்கும் அதே கதி. கடைசியில் கேம் பாயும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன. மற்றவை இப்போது சேகரிப்பாளர்களின் அலமாரியில்.

மலேசியாவில் இந்த வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி இறங்கியது. வீட்டில் இருந்தது மைக்ரோ ஜீனியஸ். நின்டெண்டோவின் முதல் வீட்டுக் கருவியைப் போலவே இயங்கும் தைவான் நகல். கையில் இருந்தது கேம் பாய் அல்ல, பாசார் மாலாமில் வாங்கிய பிரிக் கேம். மேலிருந்து கட்டை விழும், அடுக்க வேண்டும். 9999 ஆட்டங்கள் என்று அட்டையில் போட்டிருக்கும், எண்ணிப் பார்த்தால் ஒரே ஆட்டம் வேகம் மாறி மாறி வரும். சித்தி தொழிற்சாலை ஹாஸ்டலில் இருந்தபோது ஒரு அறைக்கு ஒன்று இருந்ததாம். இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் தூக்கம் வரும்வரை முறை வைத்து ஆடுவார்கள். “விரலு அதுலதான் முதல்ல மரத்துச்சுன்னு நெனைக்கிறேன்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பகலெல்லாம் நுண்ணோக்கிக்கு அடியில் செய்த வேலையைக் குற்றம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போல.

கம்பெனிகளுக்கும் வீட்டுக் கருவியை அப்படியே கைக்குள் கொண்டுவரும் ஆசை இருந்தது. 1990-இல் என்.இ.சி. வெளியிட்ட டர்போ எக்ஸ்பிரஸ், வீட்டுக் கருவியில் செருகும் அதே அட்டையை ஏற்றுக்கொண்டது. 1995-இல் சேகா அமெரிக்காவில் விற்ற நோமாட், மெகா டிரைவின் முழு கேசட்டையும் தலையில் செருகிக்கொண்டது. கேட்கும்போது கனவு மாதிரி இருக்கும். ஆனால் ஆறு பேட்டரியை ஒரு தனிப் பெட்டியில் போட்டு முதுகில் மாட்ட வேண்டும். அது இரண்டு மூன்று மணி நேரத்தில் தீரும். முதுகில் மூட்டையோடு இருக்கும் கருவியைக் கை எப்படிப் பிடிக்கும்? பெரும்பாலானவர்கள் அதைச் சுவரில் செருகியே ஆடினார்கள். கைக்கருவி என்று வாங்கியது மறுபடி வீட்டுக் கருவி ஆனது.

கம்பெனிக்கு விலை இருக்கிறது, உத்தரவாதம் இருக்கிறது, பத்து லட்சம் பேருக்குப் பொதுவான ஒரு கை இருக்கிறது. தனி ஆளுக்கு இது எதுவும் கிடையாது. அப்படி ஒரு தனி ஆள் 2000-இல் வந்தார்.

பெஞ்சமின் ஹெக்கெண்டார்ன் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்காரர். பொறியியல் படித்தவர் அல்ல, வரைகலைக் கலைஞர். விளம்பரப் பலகை செய்யும் இடத்தில் வேலை. அங்கே கணினி சொல்கிறபடி பிளாஸ்டிக்கைச் செதுக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. 1977-இல் வந்த அட்டாரி 2600-ஐப் பிரித்து, திரையும் பேட்டரியும் சேர்த்து, அந்த இயந்திரத்தில் செதுக்கிய உறைக்குள் போட்டார். அட்டாரி 2600-இல் செயல்பாட்டு நினைவகம் வெறும் 128 பைட். ஒரு தமிழ்ப் பத்தியைக்கூட அதில் வைக்க முடியாது. உள்ளே பெரிய சில்லுகள் மூன்றுதான் என்பதால் சுருக்குவது சாத்தியமாக இருந்தது. இன்றைக்குப் படங்களைப் பார்த்தால், சுருக்கியதைவிட உறைதான் கண்ணில் படுகிறது. விளம்பரப் பலகைக்காரரின் கண். எந்த எழுத்து எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்தவர் பொத்தானையும் அப்படியே உட்காரவைத்திருக்கிறார்.

அவர் பிறகு பலவற்றைச் செய்தார். 2005-இல் விளையாட்டுக் கருவிகளைப் பிரித்து மாற்றுவது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். 2010 முதல் இணையத்தில் நிகழ்ச்சி நடத்தினார். அவர் செய்தவற்றில் எனக்கு முக்கியமானது கைக்கருவி அல்ல. ஒரு கை மட்டும் பயன்படுத்தக்கூடியவர்களுக்காக எக்ஸ்பாக்ஸ் 360-இன் கட்டுப்பாட்டுக் கருவியை ஒற்றைக் கைக்குள் மாற்றி அமைத்தது. இரண்டும் ஒரே வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தொழிற்சாலை நினைத்த கை வேறு, என் கை வேறு. அப்படியானால் பொருளை அறுக்கலாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தானே அப்படி ஒரு தகவமைப்புக் கருவியை விற்க 2018 ஆனது.

அவரைப் பார்த்து ஒரு கூட்டமே கிளம்பியது. சோனி 2000-இல் பிளேஸ்டேஷனைச் சுருக்கி பி.எஸ்.ஒன் என்று வெளியிட்டது. அதன் மேல் மாட்டிக்கொள்ள 5 அங்குலத் திரையும் விற்றது. அந்தத் திரை இவர்களுக்கு வரப்பிரசாதம். உறைக்குத்தான் வழியில்லை. விளம்பரப் பலகை இயந்திரம் எல்லார் வீட்டிலும் இருக்குமா? பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளை அறுத்து, இரண்டு பக்கத்துக் கைப்பிடிகளை மட்டும் எடுத்து, நடுவில் ஏதாவது ஒரு பிளாஸ்டிக் டப்பாவை ஒட்டி, சந்துகளைக் கார் பட்டறையில் பூசும் புட்டியால் நிரப்பித் தேய்த்தார்கள். ஃபிராங்கன்ஸ்டைன் என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பார்க்க அசிங்கம்தான். ஆனால் கைப்பிடிகள் மட்டும் கைக்கென்று செய்த அச்சிலிருந்து வந்தவை. அதனால் பிடிக்கச் சுகமாக இருந்தன.

உள்ளே சூடு இன்னொரு பிரச்சினை. மூன்று கால் வைத்த 7805 என்ற மலிவுச் சில்லு 7.4 வோல்ட்டை வாங்கி 5 வோல்ட்டாகக் கொடுக்கும். மீதியைச் சூடாகத் துப்பும். கணக்குப் போட்டால் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு கையைச் சுடுவதற்கே போகிறது. மின்சாரத்தை விட்டுவிட்டுத் திறந்து மூடி அளக்கும் புதுவகைச் சில்லுகள் மலிந்த பிறகுதான் இந்தத் தொல்லை குறைந்தது.

இந்த இடத்தில் கம்பெனிகளின் கைக்கணக்கு எவ்வளவு தப்பாகப் போயிருக்கிறது என்பதற்கு இரண்டு கதை. 1996-இல் வந்த நின்டெண்டோ 64-இன் கட்டுப்பாட்டுக் கருவிக்கு மூன்று கைப்பிடி. மனிதனுக்கு இரண்டு கைதான் என்பதை மறந்துவிட்டார்கள் என்ற கேலி இன்னும் ஓயவில்லை. அதில் ‘மாரியோ பார்ட்டி’ என்ற ஆட்டத்தில் நடுக்குச்சியை வேகமாகச் சுழற்ற வேண்டும். பிள்ளைகள் உள்ளங்கையை வைத்துச் சுழற்றினார்கள். தோல் உரிந்தது, கொப்புளம் வந்தது. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் தலையிட்டு, 2000-இல் நின்டெண்டோ கேட்பவர்களுக்குக் கையுறை கொடுக்க ஒப்புக்கொண்டது. விளையாடக் கையுறை! அடுத்தது 2001-இல் மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ். அதன் கட்டுப்பாட்டுக் கருவிக்கு டியூக் என்று செல்லப் பெயர், தட்டு சைஸ். ஜப்பானியக் கைகளுக்கென்று சின்னதாக ஒன்று செய்தார்கள். கடைசியில் உலகம் முழுக்க அந்தச் சின்னதையே கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் பெரிய கைக்காரர்கள் விடவில்லை, 2018-இல் டியூக் மறுபடி விற்பனைக்கு வந்தது. எந்தக் கை சராசரிக் கை என்று யாராலும் சொல்ல முடியவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இனி வீ. அறுப்பதற்கு ஏன் எல்லாரும் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள்? மூன்று டிவிடி உறைகளை அடுக்கிய தடிமனுக்குள் இருக்க வேண்டும் என்று சத்தோரு இவாட்டா கேட்டதால், ஆரம்பத்திலேயே குறைந்த மின்சாரத்தில், குறைந்த சூட்டில் ஓடும்படி வடிவமைத்தார்கள். ஐ.பி.எம். செய்த மையச் சில்லு 729 மெகாஹெர்ட்ஸ், அதே காலத்துப் போட்டியாளர்களோடு ஒப்பிட்டால் சாது. முந்தைய கேம்கியூபின் ஆட்டங்களும் முதல் வீ மாடலில் அப்படியே ஓடும். மொத்தம் 10.16 கோடி விற்றது. கேம்கியூப் 2.17 கோடிதான். இந்தக் கணக்கு எனக்கு முக்கியம். பழைய பொருளை அறுப்பது பாவம் என்று ஒரு கட்சி உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஓடுகிற கேம்கியூபை நான் தொட மாட்டேன். டிஸ்க் பாகம் செத்து, குப்பைக்குப் போகிற வழியில் நிற்கும் வீ-யை அறுக்க எனக்குக் கை கூசவில்லை.

டிஸ்க் பாகம் இல்லாமல் ஆட்டம் எப்படி ஓடும்? அதற்குத்தான் பூட்டை உடைத்தவர்களின் கதை. வீ, கேம்கியூப் ஆட்டத்தை ஓட்டும்போது தன் நினைவகத்தின் ஒரு பகுதியை மட்டுமே காட்டும். ஒரு குழு பலகையின் முகவரிக் கம்பிகளைச் சாதாரண சாமணத்தால் தொட்டு இணைத்தது. ஜன்னல் நகர்ந்து மறைத்திருந்த பகுதி தெரிந்தது. இரகசியச் சாவிகள் அங்கே அழிக்கப்படாமல் கிடந்தன. சாமணத்தையும் கருவியின் பெயரையும் கோத்துத் தங்களுக்கு டீம் ட்வீசர்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 2008-இல் அவர்களே இன்னொரு வழியைத் திறந்தார்கள். ஒரு செல்டா ஆட்டத்தில் கதாநாயகனின் குதிரைக்கு நாம் பெயர் வைக்கலாம். அவர்கள் செய்த சேமிப்புக் கோப்பில் குதிரையின் பெயர் அதற்கென்று ஒதுக்கிய இடத்தைவிட நீளம். பெயர் வழிந்து பக்கத்து நினைவகத்தில் விழுந்தது. வழிந்த எழுத்துகளைக் கருவி கட்டளையாக எடுத்துக்கொண்டது. ஒரு குதிரையின் பெயர் நீண்டுபோனதால் ஒரு கோட்டை விழுந்தது. நாவலில் எழுதினால் நம்ப மாட்டோம். அதன் பிறகு ஆட்டங்களை யு.எஸ்.பி. குச்சியிலிருந்தே ஓட்டலாம் என்றாகியது. (ஒரிஜினல் டிஸ்க்கிலிருந்து நகலெடுத்துத்தான் ஓட்ட வேண்டும். நம் ஊரில் ஒரிஜினல் டிஸ்க்கைக் கண்ணால் பார்த்தவர்கள் கை தூக்கலாம்.)

வெட்டுவது இப்படி. மையச் சில்லு, படச் சில்லு, அவற்றை ஒட்டிய நினைவகம், நிரந்தர நினைவகம் இவ்வளவுதான் வேண்டும். மற்றதெல்லாம் தொலைக்காட்சிக்கும் டிஸ்க்குக்கும் மின்வடத்துக்கும் செய்த உபசாரம். ஆனால் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பகுதியும் வெட்டில் போய்விடும். அதனால் 1, 1.15, 1.8, 3.3 என்று நான்கு வகை வோல்ட்டை வெளியிலிருந்து நாம் கொடுக்க வேண்டும். ஆர்வலர்கள் இதற்கென்றே சின்னப் பலகைகள் வடிவமைத்திருக்கிறார்கள். நிரந்தர நினைவகத்தில் இருப்பது அந்தந்தக் கருவிக்கே உரிய சாவியால் பூட்டியது. வெட்டுவதற்கு முன்னால் நகலெடுக்காமல் விட்டு, அது கெட்டால், இன்னொரு வீ-யிலிருந்து கடன் வாங்க முடியாது. இதெல்லாம் படித்துவிட்டுத்தான் ரம்பத்தை எடுத்தேன். ஓரத்தைத் தேய்க்க வேண்டும் என்பதையும் படித்துத்தான் இருந்தேன். அவசரம்.

இதில் தேர்ந்தவர்கள் மிட்டாய் டப்பாவுக்குள் வீ-யை அடைத்திருக்கிறார்கள். சாவிக்கொத்தில் மாட்டும் அளவுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது, கைதட்டத் தோன்றுகிறது. ஆனால் விளையாடத் தோன்றவில்லை. நின்டெண்டோவே 2005-இல் கேம் பாய் மைக்ரோ என்று 80 கிராமில் ஒன்றை விற்றது. அழகென்றால் அழகு. பத்து நிமிஷம் பிடித்தால் விரல்கள் நண்டுக் கால் மாதிரி மடங்கிக்கொள்ளும். 2022-இல் வந்த ஸ்டீம் டெக் 669 கிராம். கிட்டத்தட்ட எட்டு மடங்கு. பிடித்துப் பார்த்தவர்கள் கனம் என்பார்கள், ஆனால் கை வலிக்கிறது என்று சட்டென்று சொல்ல மாட்டார்கள்.

ஏன் என்று எனக்குப் புரிந்தது சித்தியின் மணிக்கட்டால். அவருக்கு இருக்கும் தொல்லையில் நரம்பு மணிக்கட்டில் ஒரு குறுகிய சந்து வழியாகப் போகிறது. மணிக்கட்டு மடங்கினால் சந்தில் அழுத்தம் கூடும். நேராக இருந்தால் குறையும். சின்னக் கருவியைப் பிடிக்க இரண்டு கையும் மார்புக்கு முன்னால் நெருங்கி வர வேண்டும். முழங்கை விலகி நிற்கும், மணிக்கட்டு பக்கவாட்டில் ஒடியும். பிரிக் கேமைப் பிடித்துப் பாருங்கள், தெரியும். கருவி அகலமாக, கைப்பிடிகள் வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து இருந்தால் முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே கோடு. கனமும் அப்படித்தான். கனம் நடுவில் இருந்தால் விரல் நுனி அதைத் தாங்க வேண்டும். கைப்பிடிக்குள் இருந்தால் உள்ளங்கை தாங்கும்.

அப்போதுதான் வெட்டியதன் பலன் என்னவென்று விளங்கியது. பலகையைச் சுருக்கியது கருவியைச் சுருக்குவதற்கு அல்ல. உள்ளே இடம் கிடைத்தால் அந்த இடத்தைக் கைக்குக் கொடுக்கலாம்.

18650 என்று ஒரு பேட்டரி உண்டு. 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், ஒன்று 45 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஒரு கட்டைவிரலைவிடச் சற்றுத் தடிமன். ஒன்றில் ஏறத்தாழ 10.8 வாட்-மணி. என் பலகையும் திரையும் சேர்ந்து 11 வாட் இழுத்தது. இரண்டு போட்டால் இரண்டு மணி நேரம்கூட வராது. நான்கு போட்டேன், இடது கைப்பிடிக்குள் இரண்டு, வலதில் இரண்டு. நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கனம் போக வேண்டிய இடத்துக்குப் போனது. கைப்பிடிக்குத் தடிமனும் கிடைத்தது. பேட்டரி ஒளிக்க ஒரு வீக்கம், கை நிறைய ஒரு வீக்கம், இரண்டும் ஒன்றே.

உறை 3டி அச்சில். 2005-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப் திட்டமும், 2009-இல் காலாவதியான ஒரு காப்புரிமையும் சேர்ந்துதான் இந்த அச்சு இயந்திரத்தை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தன. புட்டிக் காலம் முடிந்தது. ஆனால் அச்சடிக்க வரைபடம் வேண்டும், வரைபடத்துக்கு அளவு வேண்டும். யாருடைய அளவு?

பிள்ளைகள் விளையாடும் களிமண் நான்கு கட்டி வாங்கி, நடுவில் திரை அளவுக்கு ஒரு அட்டையைச் செருகி, சித்தியிடம் கொடுத்தேன். “டிவி பார்க்கும்போது சும்மா இத பிடிச்சிட்டு இருங்க.” ஒரு சீரியல் முடியும்வரை பிடித்திருந்தார். விரல்கள் தாமாகத் தேடிக்கொண்ட இடங்கள் குழியாகப் பதிந்திருந்தன. இடது, நான் நினைத்தபடி. வலது அப்படி இல்லை. அவர் மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் கனத்தைத் தாங்கி, கட்டைவிரலைச் சும்மா மேலே கிடத்தியிருந்தார். உணர்வுள்ள விரல்களை நம்பி ஒரு பிடி. எந்தக் கம்பெனியின் வரைபடத்திலும் இந்தப் பிடி இருக்காது.

பொத்தான்களுக்கு முதலில் கேம்கியூபின் அமைப்பை எடுத்திருந்தேன். நடுவில் ஒரு பெரிய வட்டம், சுற்றிலும் மற்றவை, அவற்றில் இரண்டு சிறுநீரக வடிவத்தில். பார்க்காமலே தடவிக் கண்டுபிடிக்கச் செய்த அருமையான ஏற்பாடு. ஆனால் தடவுவதற்கு விரலில் உணர்வு வேண்டுமே. அதனால் வலது பக்கத்துப் பெரிய பொத்தானை இன்னும் பெரிசாக்கி, அழுத்தினால் ‘டக்’கென்று சத்தம் கேட்கும் ஸ்விட்சை அடியில் வைத்தேன். விரல் சொல்லாததைக் காது சொல்லும். கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் ஒவ்வொரு ஸ்விட்சாக அழுத்திச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த என்னைக் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

எல்லாம் சேர்த்து 510 கிராம் வந்தது. அழகில்லை. சித்தி முதலில் பார்த்தபோது, “என்னடா இது, செங்கல்லுக்குக் காது முளைச்ச மாதிரி” என்றார். என்ன ஆட்டம் வேண்டும் என்று கேட்டேன். வீ-யின் பெரிய பெரிய ஆட்டங்களெல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். அவருக்கு வேண்டியது கட்டை அடுக்குவது. 2010-இல் வீ-க்கு வந்த டெட்ரிஸ் ஒன்று இருந்தது, போட்டுக் கொடுத்தேன். ஒரு கருவியை அறுத்து, இன்னொன்றைச் சாகடித்து, நான்கு வகை மின்சாரம் கொடுத்து, கடைசியில் பாசார் மாலாம் பிரிக் கேம்.

“இதுக்கா இவ்வளவு?” என்றார். ஆனால் கீழே வைக்கவில்லை.

பதினைந்து நிமிஷம் போனது. டக், டக் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. வழக்கமாகக் கைத்தொலைபேசியை அஞ்சு நிமிஷம் பிடித்தாலே வலது கையை உதறுவார். நான் அதை எதிர்பார்த்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பதாவது நிமிஷத்தில் உதறினார். ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கருவியைத் திருப்பி, அடிப்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், அன்றைக்குச் செத்த பலகையைப் பார்த்தது போலவே.

“இந்தப் பக்கம் சுண்டு விரலுக்கிட்ட கொஞ்சம் குண்டா இருக்கு. அந்த உப்புத்தாள எடு.”

“நான் தேய்க்கிறேன் சித்தி.”

“நீ தேய்ச்ச லட்சணம் தெரியும். எடு இங்க.”